சார்ஜனின் பட்டினி

"இன்னும் ரெண்டு நாள்கூடத் தாங்காது, அண்ணி" என்று வாசலிலேயே நின்று சொன்னான் அர்ஜுனன்.

நவமணி திரும்பி நாயைப் பார்த்தாள். சார்ஜன் தகரத் தட்டுக்கு முன்னால் கால்களை நீட்டிப் படுத்திருந்தது. காலையில் போட்ட கருவாட்டுச் சோறு அப்படியே காய்ந்து ஈ மொய்த்துக் கிடந்தது. இன்றோடு ஐந்து நாள்.

அந்த ஐந்து நாளுக்கு முன்னால்தான் அவள் புருஷன் நல்லமுத்துவை எரித்துவிட்டு வந்தார்கள். பினாங்குத் துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கிகளில் காவல் நிற்கிற நாய்களில் பாதி அவன் பழக்கியவை. பிரம்பைத் தொடவே மாட்டான். "அடி வாங்கின நாய் ஒரு துண்டு கறிக்கு வெல போயிடும். மனசு நெறைஞ்ச நாய்தான் சொன்ன சொல்லக் காப்பாத்தும்" என்பான்.

திருடர்கள் விஷம் தடவிய கறியை எறிவது வழக்கம். அதனால் உரிய சைகை கிடைக்காமல் எந்த உணவையும் தொடாதபடி பழக்குவான். ஒவ்வொரு நாய்க்கும் ஒரு சைகை. சார்ஜனின் சைகையை மட்டும் சொல்லாமலே போய்விட்டான்.

"உனக்குமா தெரியாது தம்பி? எட்டு வருஷம் அவரு கூடவே வேல செஞ்சியே!"

அர்ஜுனன் தலையைக் குனிந்துகொண்டான். "கையத் தட்டிப் பாத்தீங்களா?"

"தட்டிட்டேன். சீட்டி அடிச்சேன், முட்டி போட்டேன். அவரு சட்டையப் போட்டுக்கிட்டுகூட வந்து நின்னேன். மோந்து பாத்துட்டு அழுவுது, திங்க மாட்டேங்குது!"

பக்கத்து வீட்டு ஜன்னத் அக்கா சோற்றுக் கோப்பையோடு வந்தாள். நாயிடமிருந்து நாலடி தள்ளியே நின்றாள்.

"அத அங்கிட்டுப் புடிச்சுக்க. அது நாக்கு எம்மேல பட்டா எங்க மார்க்கத்துல ஏழு தடவ கழுவணும்" என்றவள், நவமணியைப் பார்த்ததும் குரலை மாற்றிக்கொண்டாள். "நாய்க்கு அழுவுறியே, ஒன் மூஞ்சியக் கண்ணாடியில பாத்தியா புள்ள? பேய் பயந்து ஓடும். சோத்துல பருப்பாணம் ஊத்திக் கொண்டாந்திருக்கேன்."

"அப்புறம் சாப்பிடுறேன்க்கா."

"அஞ்சு நாளா இதத்தான் சொல்ற. நீ தொடாத சோத்தத் தின்னு எங்க வீட்டுக் கோழி கொழுத்துப் போச்சு."

கோப்பையை வைத்துவிட்டு அவள் போனாள். அர்ஜுனனும் என்னவோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் போனான்.

நவமணி நாயின் எதிரில் உட்கார்ந்தாள். பாயில் விழுந்த கடைசி இரண்டு மாதமும், இருமிக்கொண்டே நல்லமுத்து இந்த ஒரு நாயைத்தான் பழக்கினான். யாரோ கிட்டங்கிக்காரர் கேட்டிருப்பார் என்று அவள் நினைத்திருந்தாள். அவள் சாப்பிட உட்கார்ந்தால்கூட அவன் கை நாயின் கழுத்தில் இருக்கும், கண் அவள்மேல் இருக்கும். தன்னால் சாப்பிட முடியாத ஏக்கம் என்று நினைத்து, அவள் அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவாள்.

"எனக்குன்னு அவரு விட்டுட்டுப் போனது நீ ஒண்ணுதான்டா. நீயும் போயிட்டா நான் யாரப் பாத்துக்கிட்டு இருப்பேன்?"

வால் ஒருமுறை தரையைத் தட்டியது. தலை எழவில்லை. விலாவெலும்பை விரல் விட்டு எண்ணலாம் போலிருந்தது.

ஒரு பிடி சோற்றை அதன் வாயில் திணித்தாள். மெல்லத் துப்பிவிட்டு, மன்னிப்புக் கேட்பதுபோல அவள் கையை நக்கியது.

அப்போதுதான் அவளுக்கு அந்த விஷக் கறி ஞாபகம் வந்தது. அடப்பாவி, என்னையுமா சந்தேகப்படுகிறாய்?

"ஒனக்கா நான் விஷம் வைப்பேன்? பாரு! நல்லாப் பாருடா!"

தகரத் தட்டைக் கழுவி, ஜன்னத் கொண்டுவந்த சோற்றில் பாதியை அதில் கொட்டினாள். மீதியில் ஒரு பிடி எடுத்துத் தன் வாயில் போட்டாள். கண்ணீரோடு சேர்த்து விழுங்கினாள்.

சார்ஜன் எழுந்தது. கால்கள் நடுங்க, தட்டில் ஒரு வாய் கவ்வித் தின்றது. தின்றுவிட்டு நிறுத்தி, அவள் முகத்தையே பார்த்தது.

"இன்னும் நம்பலையா?" அவள் இன்னொரு பிடி போட்டுக்கொண்டாள். அதுவும் இன்னொரு வாய் தின்றது. அவள் ஒன்று, அது ஒன்று. கோப்பையும் காலி, தட்டும் காலி.

ஆயர் ஈத்தாம் டிராம் மணியடித்துப் போகிற சாயங்கால வேளையில் அர்ஜுனன் மூச்சிரைக்க ஓடிவந்தான். காலித் தட்டைப் பார்த்ததும் அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டான்.

"கண்டுபுடிச்சுட்டேன் தம்பி!" ஐந்து நாளில் முதல் தடவையாக அவள் குரலில் உயிர் இருந்தது. "சோறு வைக்கிற ஆளு மொதல்ல ஒரு வாய் சாப்பிடணும். இதக் காவலுக்குக் கேட்ட கிட்டங்கிக்காரருகிட்டச் சொல்லிடு."

"எந்தக் கிட்டங்கிக்காரரும் இதக் கேக்கல, அண்ணி." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "சொன்னா வீம்புக்குச் செய்ய மாட்டா, அவளாக் கண்டுபுடிக்கட்டும்னு அண்ணே சத்தியம் வாங்கிட்டாரு. இன்னிக்கும் நடக்கலேன்னா சத்தியத்த மீறிடலாம்னுதான் ஓடியாந்தேன்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "கிட்டங்கிக்கு இல்லேன்னா, அந்த இருமலோட கெடந்து வேற எந்த வேலைக்குப் பழக்கினாரு இத?"

"உங்களச் சாப்பிட வைக்கத்தான், அண்ணி."