கடைசி 'க்'

"அந்த வெள்ளைக்காரி உம்மை என்னெண்டு கூப்பிடுறவள், தங்கச்சி?"

"பிள்ளை எண்டுதான், அண்ணை. வேறென்ன?"

சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபடி அருமைநாயகி சொன்ன பதிலில் ஞானரட்ணத்துக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது.

லண்டனில், லூயிஷாமில் ஆஸ்பத்திரித் துணிகளைச் சலவை செய்யும் லோண்டரி அது. வருடம் 1988. ஞானரட்ணம் அங்கே லொறி ஓட்டுபவர், யூனியன் பிரதிநிதியும் அவர்தான். அதற்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் இருபது வருடம் ஆங்கில வாத்தியார். வேலை மாறினாலும் வாத்தியார்த்தனம் அவரை விட்டுப் போகவில்லை. சுவரில் ஒட்டிய நோட்டீஸில் ஒரு எழுத்துப்பிழை கண்டால்கூடப் பேனாவை எடுத்துத் திருத்திவிட்டுத்தான் நகர்வார்.

சூப்பவைசர் டொறீன் இந்தப் பெண்ணைப் பார்த்துக் கத்துவதை அவர் தன் இரண்டு காதாலும் கேட்டிருந்தார்.

"கம் ஹியர், யூ பில்லக்!"

பில்லக் என்றால் மொக்கு. மண்டைக்குள் ஒன்றும் இல்லாத ஆள். லண்டன்காரர் வாய்க்கு வாய் எறிகிற வசவு. அதைப் போய் 'பிள்ளை' என்று நினைத்துப் பூரித்துப்போய் இருக்கிறாளே இந்தப் பேதை! இந்த நாட்டுக்கு வந்து எட்டு மாதம். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் யெஸ், நோ, தாங்க்யூவோடு சரி.

உண்மையைச் சொல்லி அவள் முகத்தை வாட வைக்க அவருக்கு மனம் வரவில்லை. டொறீனைச் சும்மா விடவும் மனம் வரவில்லை. எங்கட சனம் எண்டால் இவையளுக்கு அவ்வளவு இளப்பமோ?

அன்றைக்கே மனேஜருக்கு இரண்டு பக்கத்தில் முறைப்பாடு எழுதினார். ஒரு கமாகூடப் பிழைக்காத கடிதம்.

வியாழக்கிழமை விசாரணை. டொறீன் கதிரையின் நுனியில் இருந்தாள். ஏற்கெனவே அவள் பெயரில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் ஃபைலில் கிடந்தது. இதுவும் சேர்ந்தால் வேலை போய்விடும். பென்சனுக்கு இன்னும் இரண்டே வருடம்.

மொழிபெயர்க்க வேறு யார்? ஞானரட்ணம்தான்.

"சூப்பவைசர் இவரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார் என்று கேளுங்கள்" என்றார் மனேஜர்.

அருமைநாயகி சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு, மிகவும் பணிவாகச் சொன்னாள்:

"பிள்ளை எண்டு கூப்பிடுறவ. எங்கட ஊரிலை பெரியாக்கள் அன்பாக் கூப்பிடுறது அப்பிடித்தான். அவவுக்கு ஆர் சொல்லிக் குடுத்ததோ தெரியாது. வாயிலை சரியா வராது, பாவம், கடைசியிலை ஒரு 'க்'கும் சேர்ந்து வந்திடும். அதைப் போய்க் குற்றமெண்டு சொல்ல ஏலுமே?"

இதை மொழிபெயர்த்தால் தன் முறைப்பாடே கவிழ்ந்துவிடும் என்று ஞானரட்ணத்துக்குத் தெரிந்தது. ஆனால் பிழையாக மொழிபெயர்ப்பதும் அவருக்கு வராத காரியம். சொல்லுக்குச் சொல் அப்படியே சொன்னார்.

மனேஜர் டொறீனைப் பார்த்தார். அவள் கன்னம் இரண்டும் சிவந்து, பார்வை கீழே போய்விட்டது.

"இவருக்கு ஒரு முறைப்பாடும் இல்லையே!" மனேஜர் ஃபைலை மூடினார். "பிறகு யாருக்குத்தான் முறைப்பாடு?"

ஞானரட்ணம் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே வந்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. 'நீர் ஒரு சரியான மொக்கு, தங்கச்சி' என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அன்பாகத்தான். ஆனாலும் விழுங்கிக்கொண்டார்.

"அண்ணை, அவவின்ர முதல் வோர்னிங் என்னத்துக்கெண்டு தெரியுமோ?" என்று கேட்டாள் அருமைநாயகி.

"தெரியாது."

"நான் வந்த முதல் கிழமை. பெற்சீற் தேய்க்கிற றோலரை நிப்பாட்டத் தெரியாமல் நாப்பது சீற்றை எரிச்சுப் போட்டன். புது ஆள், அண்டைக்கே வீட்டை அனுப்பியிருப்பாங்கள். அவதான், தான் எரிச்சதெண்டு கையெழுத்துப் போட்டவ."

ஞானரட்ணத்துக்கு வெட்கமாக இருந்தது. ஒன்றை மட்டும் மனதுக்குள் முடிவெடுத்தார்: அந்தச் சொல்லின் அர்த்தம் இந்தப் பெண்ணுக்கு ஒருநாளும் தெரியவரக்கூடாது. அந்த நல்ல மனம் அப்படியே இருக்கட்டும்.

அடுத்த நாள் காலை லொறியில் துணி ஏற்ற உள்ளே போனார். றோலர்கள் இரைந்துகொண்டிருந்தன. அந்த இரைச்சலுக்கு மேலாக டொறீனின் குரல் கேட்டது.

"கம் ஆன், பிள்ளை!"

'க்' இல்லை. வீட்டில் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டு வந்திருக்கிறாள் போலும். 'ள்' கொஞ்சம் வழுக்கியது; அதற்கென்ன? ஞானரட்ணத்துக்குக் கண் கலங்கியது.

விரிப்பை மடித்துக்கொண்டிருந்த அருமைநாயகி தலையை நிமிர்த்தாமலே பதில் கொடுத்தாள்.

"கமிங், யூ ஓல்ட் பில்லக்!"

டொறீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஞானரட்ணம் துணி மூட்டையோடு நின்ற இடத்திலேயே நின்றார். இருபது வருடம் ஆங்கிலம் படிப்பித்த காது அவருடையது. அந்தக் கடைசி 'க்' துளிப் பிழையில்லாமல் விழுந்திருந்தது.