நடு இடம்

ஊடகத் துறையில் செல்வாக்கு மிக்க ஐம்பது பேர் வருடா வருடம் சேர்ந்து எடுத்துக்கொள்ளும் படத்தில், பதினோரு வருடமாகச் செண்பகவல்லிக்கு நடு இடம்தான். ஐம்பதில் அவள் ஒருத்திதான் பெண். "பளிச்சுன்னு கட்டிட்டு வாங்க மேடம்" என்று முந்தின நாளே போன் வரும். கறுப்புக் கோட்டுகளுக்கு நடுவே பூச்சாடியைப் போல அவளை நிறுத்துவார்கள். கன்னம் வலிக்கச் சிரிப்பாள். மறுநாள் எல்லோரும் அவள் புடவையைப் பற்றிப் பேசுவார்கள். அவள் நடத்தும் சேனலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

இந்த வருடம் அழைப்பிதழ் மட்டும் வந்தது, போன் வரவில்லை. தன்னைக் கழற்றிவிடப் பார்க்கிறார்களோ என்ற பயத்தில், கைக்குக் கிடைத்த சாம்பல் நிறக் கைத்தறியைச் சுற்றிக்கொண்டு வந்து, பழக்கதோஷத்தில் நேராக நடுவில் போய் நின்றாள்.

"மேடம், கொஞ்சம் ஓரமா போங்க" என்றார் புகைப்படக்காரர் லாரன்ஸ்.

நகரும்போதுதான் பார்த்தாள்: கோட்டுகளுக்கிடையே அங்கங்கே புடவை, சுடிதார். அவளோடு சேர்த்து ஒன்பது பெண்கள். கடைசி வரிசையில், நெட்டையான ஒருத்தியின் கொண்டைக்குப் பின்னால், முகம் மட்டும் எட்டிப் பார்க்கிற மாதிரி இடம் கிடைத்தது. செருப்பைக் கழற்றிவிட்டுச் சில்லென்ற தரையில் நின்றாள். கன்னம் தானாகத் தளர்ந்தது. சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஃப்ளாஷ் அடித்தது.

"மேடம், கண்ண மூடிட்டீங்களே!" என்று கத்தினார் லாரன்ஸ்.

"எந்த மேடம்?" என்று முதலில் கேட்டது செண்பகவல்லிதான்.