மூன்று சாண் அகலம்

ரூலா சட்டைப் பைக்குள் கையை விட்டுப் பொத்தானைத் தடவிக்கொண்டே நின்றாள்.

கலைக்கூடத்தின் நடுவே அவள் செய்து நிறுத்தியிருந்த இரும்புச் சுழல்கதவுக்குள் இதுவரை பதினோரு பேர் போய் வந்துவிட்டார்கள். உள்ளே ஆள் இருக்கும்போது அவள் பொத்தானை அழுத்துவாள். கதவு பூட்டிக்கொள்ளும். மேலே சிவப்பு விளக்கு எரியும்.

பெத்லகேம்காரர்களுக்கு இதில் என்ன புதுமை? சிரித்தார்கள். கம்பிகளுக்குள் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

வியன்னாவிலிருந்து வந்திருந்த அம்மாள் இரண்டாம் முறையாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் தலையசைத்தால் கதவு வியன்னா கண்காட்சிக்குப் போகும், கூடவே ரூலாவும். இல்லையென்றால் இரண்டும் இங்கேயே துருப்பிடிக்க வேண்டியதுதான்.

அப்போது அப்பா வந்தார், தேய்த்த வெள்ளைச் சட்டையோடு.

முப்பது வருடமாக விடியுமுன் சிப்பாய்களின் சோதனைச் சாவடியைக் கடந்து ஜெருசலேமுக்குத் தரைக்கல் பதிக்கப் போகிறவர். சாவடிக்குள் என்னதான் நடக்கும் என்று மகள் எத்தனை முறை கேட்டும் "வரிசை, வேறென்ன" என்று முடித்துக்கொள்வார். அங்குள்ள சுழல்கதவின் அகலத்தை மட்டும் கையால் அளந்து காட்டியிருந்தார். மூன்று சாண்.

"அபு நாதிர், பெர்மிட் எடுத்துட்டு வந்தியா?" என்றான் பின்னாலிருந்து ரொட்டிக்கடைக்காரன்.

"என் மக கட்டின சாவடிடா இது. இங்க எவன் என்னைக் கேப்பான்?" சிரித்துக்கொண்டே உள்ளே நுழைந்தார்.

ரூலா அழுத்தினாள்.

சிவப்பு விழுந்ததும் அவர் சிரிப்பு நின்றது. கை தானாக பெல்ட்டை உருவியது. அதைப் பல்லில் கடித்துக்கொண்டார். சட்டையை மார்புவரை தூக்கிப் பிடித்தபடி, அந்த மூன்று சாணுக்குள் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார்.

அப்படிச் செய்யும்படி யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

நரைத்த ரோமம் படர்ந்த வயிற்றை ஊரே பார்த்தது. ரொட்டிக்கடைக்காரன் தரையைப் பார்த்தான். வியன்னா அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண்கள் நிறைந்தன.

ரூலாவின் விரல் பொத்தான்மேல்தான் இருந்தது. ஒரு அழுத்து, திறந்துவிடும்.

அந்த அம்மாள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். ரூலா காத்திருந்தாள்.

பிறகு பச்சை.

அப்பா வெளியே வந்து, யார் முகத்தையும் பாராமல் பெல்ட்டை மாட்டினார்.

வியன்னா அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரூலாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். காதோரம் ஏதோ சொன்னாள்.

ரூலா அப்பாவிடம் போனாள்.

"அப்பா, இன்னொரு வாட்டி போறீங்களா? அவங்க படம் எடுக்கலையாம்."

அவர் தலையசைத்தார். மாட்டிய பெல்ட்டை மறுபடி கழற்றினார்.

சட்டையையும் தூக்க வேண்டுமா என்று கேட்டார்.

மகளிடம் அவர் அதைக் கேட்டது, சிப்பாய்களிடம் மட்டும் பேசும் எபிரேயத்தில்.