பூஜ்யம் புள்ளி ஏழு

கள்ளி, ஒளிந்து தின்றுகொண்டுதான் இருக்கிறாள். நெரிடாவுக்கு அதில் துளியும் சந்தேகமில்லை.

நேற்று மாலை, தங்கை டாம்சினை மூச்சளக்கும் அறைக்குள் அனுப்பும் முன் அவள் பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். கூந்தலைக் கோதிப் பார்த்தாள். காலணிக்குள் கைவிட்டுத் துழாவினாள்.

"எனக்குச் சாப்பாடே வேணாம்க்கா. வெயிலே போதும்" என்றாள் டாம்சின். ஹேங்கரில் மாட்டிய சட்டை மாதிரி நின்றுகொண்டு இந்தப் பேச்சு.

பிரிஸ்பேனுக்கு மேற்கே, மலையில் இருக்கும் ஒரு கூட்டம் சொல்லிக்கொடுத்தது அது.

பந்தயம் இதுதான். தின்றது தெரிந்தால் டாம்சின் அக்கா வீட்டோடு வந்துவிட வேண்டும். இல்லையென்றால் மலைக்கே போய்விடுவாள். நெரிடா குறுக்கே நிற்கக் கூடாது.

நெரிடா யோசிக்காமல் ஒப்புக்கொண்டாள். அந்த அறையைக் கட்டி ஆள்பவளே அவள்தான். சும்மா படுத்திருந்தாலும் உடம்பு சூட்டை வெளியே விட்டுக்கொண்டேதான் இருக்கும். எண்ணெய் ஊற்றாத விளக்கு எரிகிறதென்றால், யாரோ திருட்டுத்தனமாக ஊற்றுகிறார்கள். வேறென்ன?

மூச்சு காட்டிக்கொடுத்துவிடும். மாவும் சர்க்கரையும் உள்ளே போயிருந்தால் திரையில் வரும் எண் 'ஒன்று' என்பதை ஒட்டி நிற்கும்; எதுவும் தின்னாமல் உடம்புக் கொழுப்பே எரிந்தால் பூஜ்யம் புள்ளி ஏழுக்கு இறங்கிவிடும்.

காலையில் பார்த்தாள். பூஜ்யம் புள்ளி ஏழு.

கருவியைச் சந்தேகப்பட்டாள். குழாய்களைச் சந்தேகப்பட்டாள். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன.

டாம்சின் பொய் சொல்லவில்லை. எண்ணெய் தீர்ந்து திரியே எரிந்துகொண்டிருக்கிறது. தன் உடம்பையே தின்று உயிரைப் பிடித்து வைத்திருக்கிறாள்.

பாவி, இவள் திருடியாகவே இருந்திருக்கக் கூடாதா?

கதவைத் திறந்தாள். டாம்சின் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். நெரிடா தலையணைக்கு அடியில் கைவிட்டு, தங்கைக்கு ஆசை காட்டிப் பிடிக்க நேற்று தானே ஒளித்து வைத்த ஓட்ஸ் பிஸ்கட் பொட்டலத்தை எடுத்தாள். பிரிக்காமல் அப்படியே இருந்தது.

பிரித்தாள். இரண்டைத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். ஒன்றை நொறுக்கித் தங்கையின் போர்வைமேல் தூவினாள்.

பிறகு தோளைத் தட்டி எழுப்பினாள். "மாட்டிக்கிட்டடி. என்ன இது?"

டாம்சின் போர்வையில் கிடந்த துகள்களையே பார்த்தாள். "தூக்கத்துலயா தின்னேன்?"

நெரிடா ஆமென்று தலையாட்டினாள்.

டாம்சினின் கை மெல்லப் பொட்டலத்தின் பக்கம் வந்தது.

"அதான் தோத்தாச்சே. இன்னும் இருக்காக்கா அதுல?"