வரையாட்டின் எச்சில்

மலையேறும் பந்தயத்தில் வரையாடுதான் முதலில் உச்சியைத் தொட்டது. செங்குத்துப் பாறையில் அது காற்றுபோல ஏறியதைப் பார்த்து அதன் தோழியான மந்திக்கு மெய்சிலிர்த்தது.

ஜெயித்தவரின் எச்சிலைச் சோதிக்க நடுவர் கழுகு பறந்து வந்தது. களைப்பை மறக்கடிக்கும் செங்காய் என்ற காட்டுக்காயின் சாறு உடம்பில் இருந்தால் பட்டம் கிடையாது.

மந்திக்குத் திக்கென்றது. முந்தின நாள் ஆட்டின் இருமலுக்குத் தான் காய்ச்சிக் கொடுத்த கஷாயத்தில் செங்காயும் சேர்ந்திருந்தது. ஓடிப்போய் வேறொரு ஆட்டின் எச்சிலை இலையில் வாங்கி வந்து, விஷயத்தைத் தோழியின் காதில் சொன்னது.

"தெரியாமல்தானே குடித்தாய்? இதைக் கொடுத்துவிடு."

"என்ன கலந்திருக்கிறது என்று கேட்காமல் குடித்தது என் வாய்தானே," என்றது ஆடு. "எச்சிலை மாற்றினால் அது இன்னொரு தப்பு."

கழுகு நீட்டிய இலையில் ஆடு தன் எச்சிலையே துப்பியது. கஷாயம் குடித்ததையும் சொன்னது.

"அப்படியென்றால் பட்டம் உனக்கில்லை."

"சரி," என்று ஆடு நிதானமாக இறங்கத் தொடங்கியது.

மலைத்துப்போய் அதையே பார்த்துக்கொண்டிருந்த மந்தி, மெல்லக் கழுகின் முன்னால் போய் நின்றது. கையிலிருந்த இலையைக் கீழே வைத்தது.

"கஷாயம் காய்ச்சியது நான். எச்சிலை மாற்றப் பார்த்ததும் நான்தான்."