பதறாதவர்களுக்கு மட்டும்

ததேயு மூன்றாவது முறையாக நாடி பார்க்கும் தட்டில் உள்ளங்கையை வைத்தார். அதன் விளக்கு சிவப்பாகவே எரிந்தது.

"யாரும் மெரட்டிக் காசு கேக்கலம்மா. எம்பொண்ணு ஊர்ல ஆசுபத்திரியில கெடக்கா. பணம் கட்டுனாத்தான் ஆபரேசன்னு சொல்றாங்க."

பணம் அனுப்பும் கடையில் இருந்த ஜெசிந்தாவுக்கு அவர் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. ஆனால் மாநில அரசின் புதிய உரிம விதிப்படி, பதற்றத்தில் இருப்பவரிடம் பணம் வாங்கக் கூடாது. மோசடிக்காரர்களிடம் சிக்கியவர்கள்தான் பதறுவார்களாம். மீறினால் கடையின் உரிமம் போய்விடும்.

"தண்ணியக் குடிச்சிட்டு, சந்தோஷமா எதையாவது நெனைங்கண்ணே."

அவருக்குச் சந்தோஷமாக நினைக்க மகள் ஒருத்திதான் இருந்தாள். பள்ளி ஆண்டுவிழாவில் அவள் ஆடியதை நினைத்தார். நாடி இன்னும் எகிறியது.

"எம்பொண்ணுக்கு நான் பதறக் கூடாதா?" என்று கத்தினார்.

அப்போது கைபேசி அடித்தது. மனைவி.

"இனிமே பணம் வேண்டாங்க," என்றாள்.

கைபேசியைச் சட்டைப்பையில் போட்டார். கீழே வைத்திருந்த பையை எடுக்கக் குனிந்தபோது அதே தட்டில் கையை ஊன்றினார்.

விளக்கு பச்சையாக எரிந்தது.

"பச்சை வந்துடுச்சுண்ணே!" என்று ஜெசிந்தா துள்ளி எழுந்தாள். "சீக்கிரம் சொல்லுங்க, எவ்வளவு அனுப்பணும்?"