லியோனில் ஒரு கூட்டாளி

ஆப்ரிகாட் தோட்டங்களில் ஆலங்கட்டி மழை விழுவதை முன்கூட்டியே சொல்லும் கருவியைச் செய்திருந்தது, யெரெவானில் ஷுஷான் நடத்தும் சின்ன கம்பெனி. ஐரோப்பிய நிதிக்கு அர்மேனியாவிலிருந்தும் விண்ணப்பிக்கலாம். ஆனால், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒரு கூட்டாளியாவது இருக்க வேண்டும். நாளை கடைசி நாள். வேறு வழியில்லாமல், லியோனில் கம்பெனி வைத்திருக்கும் வாஹானுக்குப் போன் போட்டாள்.

“நாமதான் ஏற்கெனவே சேர்ந்து பார்த்தாச்சே ஷுஷான்! ரெண்டே வருஷத்துல முறிஞ்சுபோச்சு.”

“இது மூணு வருஷத்துக்குத்தான். யார் என்ன செய்யணும்னு எல்லாமே எழுத்துல இருக்கும்.”

“முடிவெல்லாம் நீ மட்டுமே எடுப்பியா?”

“சேச்சே, கலந்து பேசித்தான்.”

“அப்பவும் இப்படித்தான் சொன்ன!” வாஹான் வாய்விட்டுச் சிரித்தான். “சரி, அனுப்பு. கையெழுத்துப் போடறேன்.”

நிம்மதியாகப் போனை வைத்தாள் ஷுஷான். பக்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த கணவன் நாரெக் கேட்டான்.

“என்ன சொன்னாரு உன் முதல் புருஷன்?”